எட்டாம் நாள் காய்ச்சல்

மேசையைச் சுற்றி எட்டு நாற்காலிகள். இரண்டாம் ஆண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்கள் எட்டுப் பேர். நடுவில் ஒரே ஒரு தாள். அதில் நான்கே வரிகள்.

“பெண், வயது 42. எட்டு நாளாகக் காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி. நவம்பர் மூன்றாம் வாரம், கிராமத்திலிருந்து வந்திருக்கிறார். ஊரில் மூன்று நாள் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி போட்டும் காய்ச்சல் விடவில்லை.”

இந்த அம்மா ஒருவர் அல்லர். வார்டில் பல ஆண்டுகளாகப் பார்த்த பலருடைய விவரங்களைச் சேர்த்துப் பாடத்துக்காக நான் உருவாக்கிய நோயாளி. என் கையிலிருக்கும் உறையில் அவரைப் பற்றி இன்னும் பதினான்கு தாள்கள் இருக்கின்றன. ரத்தப் பரிசோதனை ஒரு தாள், வீட்டைப் பற்றி ஒரு தாள், மார்பு எக்ஸ்ரே ஒரு தாள். விதி ஒன்றுதான்: கேட்டால் கிடைக்கும். கேட்காத தாள் வகுப்பு முடியும்வரை உறைக்குள்ளேயே இருக்கும்.

தாளைப் படித்து முடித்த அரை நிமிடத்தில் யாராவது ஒருவர் “டெங்கு” என்று சொல்லிவிடுவார். தவறு என்று சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழ்நாட்டில் காய்ச்சலும் தலைவலியுமாக வரும் ஒருவரைப் பார்த்து டெங்குவை நினைக்காத மருத்துவரிடம் நான் என் வீட்டாரை அனுப்பமாட்டேன். ஆனால் அந்தச் சொல் விழுந்த கணத்தில் மேசையைச் சுற்றி ஒன்று நடக்கிறது. கேள்விகள் குறைந்துவிடுகின்றன. அடுத்து கேட்கப்படுவதெல்லாம் டெங்குவை உறுதிப்படுத்தும் தாள்கள்தாம். “பிளேட்லெட் எவ்வளவு?” 72,000 என்று தாள் வெளியே வருகிறது. “பாத்தியா!” என்கிறது ஒரு குரல். அதே தாளில் வெள்ளணு எண்ணிக்கை 11,800 என்றும் இருக்கிறது. டெங்குவில் வெள்ளணுக்கள் பெரும்பாலும் குறையும். இங்கே சற்றுக் கூடியிருக்கின்றன. அந்த வரியில் யாருடைய கண்ணும் நிற்பதில்லை. டெங்கு என்.எஸ்.1 சோதனை கேட்கிறார்கள்; நெகட்டிவ் என்று வருகிறது. கொஞ்சம் சோர்வு. பிறகு ஒருவர், “எட்டாவது நாள்ல என்.எஸ்.1 போயிருக்கும்டா, முதல் அஞ்சு நாள்லதான் நல்லாத் தெரியும்” என்று சரியாகவே சொல்கிறார். டெங்கு மறுபடி உயிர் பெறுகிறது. டெங்குவில் காய்ச்சல் பெரும்பாலும் ஏழு நாளுக்குள் தணிந்துவிடும், இந்த அம்மாவுக்கோ எட்டாம் நாள் 103 டிகிரி அடிக்கிறது என்பதும் அதே மாணவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

மலேரியாவுக்கான ரத்தப் பூச்சு நெகட்டிவ். வைடால் சோதனை கேட்கிறார்கள். 1:80 என்று லேசாகப் பாசிட்டிவ். உடனே டைபாய்டு கட்சி ஒன்று உருவாகிவிடுகிறது. 1896இல் பிரான்ஸில் ஃபெர்னான் வைடால் கண்ட இந்தச் சோதனை ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளைத்தான் அளக்கிறது, கிருமியை அல்ல. டைபாய்டு பரவலாக இருக்கும் ஊரில் நல்ல உடல்நலத்தோடு நடமாடுபவர்களிடமும் இந்த அளவு எதிர்ப்பொருள் இருக்கும். ஒற்றை வைடாலை நம்பி ஊசி போடுவது நம் ஊர்களில் இன்றும் நடக்கிறது. இந்த அம்மாவுக்கும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

முதல் அரை மணி நேரம் இப்படிப் போகும். நான் குறுக்கிடுவதில்லை. முதலில் பிடித்த விடையையே இறுகப் பற்றிக்கொள்வது மனித மனத்தின் பழக்கம். அதைப் பலகையில் எழுதிப் போட்டு விளக்கினால் மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள், தேர்விலும் எழுதுவார்கள். தாமே அதில் விழுந்து, பக்கத்தில் இருப்பவர் கைகொடுத்துத் தூக்கிவிட்டால்தான் அது நினைவில் தங்கும்.

பாடநூலின் வரிசை ஏன் உதவுவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நுண்ணுயிரியல் நூலைத் திறந்தால் முதலில் கிருமியின் பெயர். பிறகு அதன் வடிவம், அது எந்தச் சாயத்தை ஏற்கும், எதில் வளரும், என்ன நோய் தரும், என்ன மருந்து. கிருமியிலிருந்து மனிதரை நோக்கி வருகிற வழி அது. வார்டில் எந்த நோயாளியும் தன் கிருமியின் பெயரோடு வருவதில்லை. காய்ச்சலோடு வருகிறார். அங்கிருந்து பின்னோக்கி நடந்து கிருமியிடம் போக வேண்டும். அந்தப் பாதையில் நூறு கிளைகள். ஒரு வழியிலேயே பயின்ற கால்களுக்கு மறுவழி புதிது. தேர்வில் பதக்கம் வாங்கிய மாணவர் ஹவுஸ் சர்ஜனாக வார்டில் முதல் இரவு திகைத்து நிற்பதற்குக் காரணம் படிப்புக் குறைவு அல்ல, படித்தது வேறு திசையில் அடுக்கப்பட்டிருப்பதுதான்.

இந்தக் குறையை வெளிப்படையாக எழுதியவர்களில் ஒருவர் ஒரு மாணவர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. வால்டர் கேனன் ஹார்வர்டில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய அறைத்தோழர் சட்ட மாணவர். ஹார்வர்டு சட்டப் பள்ளியில் 1870 முதல் கிறிஸ்டோஃபர் லாங்டெல் கொண்டுவந்த முறைப்படி உண்மையான வழக்குகளை வைத்தே பாடம் நடந்தது. மாணவர்கள் அறைக்குத் திரும்பிய பின்னும் அதே வழக்குகளைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்பார்கள். மணிக்கணக்கில் விரிவுரை கேட்டுக் களைத்த கேனனுக்கு அது ஏக்கத்தைக் கிளப்பியது. மருத்துவத்தையும் இப்படி நோயாளிகளின் குறிப்பேடுகளை வைத்துக் கற்பிக்கலாமே என்று 1900இல் பாஸ்டனின் மருத்துவ இதழில் எழுதினார். பிற்காலத்தில் உடலியலில் பெரும்புகழ் பெற்ற அதே கேனன்தான். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ரிச்சர்ட் கேபட் அந்த யோசனையை எடுத்து வளர்த்தார். அம்மருத்துவமனையின் நோயாளிக் கதைகள் இன்றும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்துகொண்டிருக்கின்றன.

குழுவாக உட்கார்ந்து ஒரு நோயாளியின் சிக்கலிலிருந்தே பாடத்தைத் தொடங்குவது என்ற அடுத்த அடியைக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் எடுத்து வைத்தது. இந்தியாவில் 2019 முதல் நடைமுறைக்கு வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டமும் சிறு குழுக்களில் கற்பதை வலியுறுத்துகிறது.

இந்த முறையின் மேல் எனக்குள்ள நம்பிக்கை பெரியது. ஆனாலும் ஒரு எச்சரிக்கையை மறைக்கக் கூடாது. ஆர்தர் எல்ஸ்டீனும் உடன் ஆய்வாளர்களும் அனுபவமிக்க மருத்துவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1978இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். தேர்ந்த மருத்துவருக்கென்று தனியான சிந்தனை முறை ஒன்று இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். அப்படி ஒன்று அகப்படவில்லை. மாணவரும் மூத்த மருத்துவரும் முதல் சில நிமிடங்களிலேயே நாலைந்து ஊகங்களுக்கு வந்துவிடுகிறார்கள். வித்தியாசம் அந்த ஊகங்களின் தரத்தில் இருக்கிறது. தரம் அறிவிலிருந்து வருகிறது. இதய நோயில் கூர்மையாக இருப்பவர் காய்ச்சலில் தடுமாறலாம். ஆகவே, “எப்படிச் சிந்திப்பது என்று கற்றுக்கொடுத்தால் போதும், மனப்பாடம் வேண்டாம்” என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தெரியாத நோயை யாராலும் சந்தேகிக்க முடியாது. குழு செய்வது என்னவென்றால், ஒருவருக்குத் தெரிந்ததை எட்டுப் பேருக்கும் தேவையான நேரத்தில் மேசைமேல் கொண்டுவருவது.

அந்த நேரம் எங்கள் வகுப்பில் எப்போதும் மூன்றாவது கால்பகுதியில்தான் வரும். பரிசோதனைத் தாள்கள் தீர்ந்து, டெங்குவும் டைபாய்டும் இழுபறியில் நிற்கும்போது, “அந்த அம்மாகிட்டப் பேசணுமா?” என்று கேட்பேன். முதுநிலை மாணவி ஒருவர் நோயாளியாக வந்து உட்காருவார். அவருக்கு ஒரு கட்டளை: ஆங்கிலச் சொல் ஒன்றுகூட வரக் கூடாது.

“மேலுக்கு முடியலம்மா. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்டாப்ல இருக்கு. கண்ணு காந்துது.”

நகரத்தில் ஆங்கில வழியில் படித்து வந்த பிள்ளைகள் இங்கே திணறுகிறார்கள். “மேலுக்கு முடியல” என்றால் உடம்பு சரியில்லை என்று தெரியாமல், மேலே எங்கே வலி என்று கேட்டவர்கள் உண்டு. ஒருமுறை, “வெளிக்குப் போற இடம் ஒரே பொதரு” என்று நோயாளி சொன்னதும் ஒரு மாணவர் ‘வெளியூர்ப் பயணம் உண்டு’ என்று குறித்துக்கொண்டார். அவர் நல்ல மாணவர், அக்கறை உள்ளவர். மலம் கழிக்கத் தாம் போகும் இடத்தைத்தான் அந்த அம்மா சொன்னார். ஆனால் அது மாணவர் காதில் விழவில்லை. தொற்றுநோயியலில் விடையின் பாதி இப்படிப்பட்ட வாக்கியத்தில்தான் கிடக்கிறது. நோயாளிகளின் மொழி தெரியாதது ஆய்வகம் இல்லாததற்குச் சமமான குறை என்றே நான் நினைக்கிறேன்.

ஒருநாள் வந்த குழுவில் அதுவரை வாயே திறக்காத மாணவி ஒருத்தி இருந்தாள். கிராமத்து அரசுப் பள்ளியில் படித்து வந்தவள். ஆங்கிலத்தில் வேகமாகப் பேசுகிற மற்றவர்களுக்கு நடுவே ஒதுங்கியே இருந்தாள். இப்போது அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“அக்கா, நூறு நாள் வேலைக்குப் போறீங்களா?”

“போறேம்மா. ரெண்டு வாரமா ஏரிக்கரையில வேலை. முள்ளுச் செடி வெட்டுறது.”

“மதியம் எங்க உக்காந்து சாப்பிடுவீங்க?”

“அங்கேயேதான். கரைமேல புல்லுல.”

“வெறகு?”

“வர்றப்போ ஒரு கட்டு தூக்கிட்டு வந்துருவேன்.”

மற்ற ஏழு பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். ஏரிக்கரை, புதர், தரையில் உட்காருதல், மழையோடு குளிரும் தொடங்கும் பருவம். எலிக் காய்ச்சலாக இருக்குமோ என்று ஒருவர் கேட்டார். தேங்கிய நீர், எலியின் சிறுநீர், கெண்டைக்கால் வலி. அருமையான கேள்வி. “ஸ்க்ரப் டைபஸ்?” என்று இன்னொருவர் தயங்கிச் சொன்னார். முதல்முறையாக அன்று ஒரு விடைக்குப் பதில் ஒரு பட்டியல் உருவானது.

“உடம்புல ஏதாவது புண்ணு இருக்கா மேடம்?” என்று உறையைக் காட்டிக் கேட்டார்கள். நான் எட்டாம் எண் தாளை எடுத்துக் கொடுத்தேன். “முகம், கைகள், கால்கள்: குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை.” ஏமாற்றம். ஒரு நிமிட மௌனம். அப்புறம் அதே மாணவி: “மேடம், முகம் கை காலை மட்டும்தான் பாத்திருக்காங்க.”

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த வகுப்பு. ஒன்பதாம் தாள் ஒரு புகைப்படம். மார்பகத்துக்குக் கீழே, மடிப்புக்குள், சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கரும்பொருக்கு. சுற்றிலும் செந்நிற வளையம். வலி இல்லை, அரிப்பு இல்லை. அந்த அம்மாவுக்கே அது இருப்பது தெரியாது. எஸ்கார் என்று பெயர். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் சேலைக்கட்டின் கீழ், பிட்டம் என்று துணி இறுகும் இடங்களிலும் மடிப்புகளிலும்தான் அது அதிகம் ஒளிந்திருக்கும். நெரிசலான வார்டில் ஒரு பெண்ணின் உடலை முழுதாகப் பார்க்கத் திரை வேண்டும், உடன் ஒரு செவிலியர் வேண்டும், நோயாளியிடம் காரணத்தைச் சொல்லிச் சம்மதம் பெறும் பொறுமை வேண்டும். இவற்றில் ஒன்று இல்லாதபோது கேஸ் ஷீட்டில் ‘குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை’ என்ற வரி விழுந்துவிடுகிறது. ஸ்க்ரப் டைபஸ் வந்த எல்லோருக்கும் எஸ்கார் இருக்காது; ஆய்வுக்கு ஆய்வு விகிதம் பெரிதும் மாறுகிறது. அந்த மாற்றத்தில் ஒரு பங்கு தேடியவரின் அக்கறையைப் பொறுத்தது என்பது என் எண்ணம்.

இப்போது கிருமியைப் பற்றிப் பேசலாம். மாணவர்களே கேட்பார்கள், இந்த நேரத்தில் சொன்னால் மறக்கவே மாட்டார்கள்.

ஸ்க்ரப் டைபஸின் கிருமி ஒரியன்சியா சுட்சுகாமுஷி. ஜப்பானில் ஆற்றங்கரை விவசாயிகளைத் தாக்கிய நோயின் பெயர் கிருமிக்கும் ஒட்டிக்கொண்டது. ‘முஷி’ என்றால் பூச்சி. நம் செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. மாட்டின் மேலும் நாயின் மேலும் பார்க்கிற உண்ணி இதைப் பரப்புவதில்லை என்பதால் அந்தப் பெயர் மக்களைத் தவறான இடத்தில் தேட வைக்கிறது. இதைப் பரப்புவது மண்ணிலும் புதரிலும் வாழும் ஒருவகைச் சிற்றுயிரின் இளம்பருவம். ஆறு கால்கள், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத அளவு. வளர்ந்தபின் அது மண்ணிலுள்ள நுண்ணிய பூச்சிகளையும் முட்டைகளையும் தின்று வாழும். எலி, மனிதர் போன்ற உயிர்களை அண்டுவது இளம்பருவத்தில் மட்டும், அதுவும் ஒரே ஒரு முறை. ஒரே முறை உண்பதென்றால் ஒருவரிடமிருந்து கிருமியை எடுத்து இன்னொருவருக்கு எப்படிக் கொடுக்கும்? மாணவர்களிடம் இந்தப் புதிரைப் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். கொசுவையே நினைத்துப் பழகிய மனம் சற்று நேரம் முட்டி மோதும். கிருமி தாயிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வந்துவிடுகிறது என்பதுதான் விடை. இந்த இனத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக அந்தக் கிருமி தங்கிவிடுகிறது. அதனால்தான் ஒரே ஊரில் ஒரு புதர்க்கரை ஆபத்தாகவும் பக்கத்துக் கரை ஒன்றுமில்லாமலும் இருக்கிறது.

கடித்த இடத்தில் தோல் செத்துப் பொருக்காகிறது. கிருமி ரத்தக் குழாய்களின் உள்சுவர் அணுக்களுக்குள் புகுந்து பெருகுகிறது. சுவர் கசிகிறது. நுரையீரலில் கசிந்தால் மூச்சுத்திணறல், மூளையில் கசிந்தால் மயக்கம், சிறுநீரகமும் பழுதாகலாம். பிளேட்லெட் என்னும் தட்டணுக்கள் குறைவதும் கல்லீரல் நொதிகள் ஏறுவதும் டெங்குவைப் போலவே காட்டும். ஊரில் போட்ட ஊசி ஏன் பலிக்கவில்லை என்பதும் இப்போது புரிகிறது. செஃப்ட்ரியாக்ஸோன் பாக்டீரியாவின் சுவர் கட்டப்படுவதைத் தடுக்கும் மருந்து. இந்தக் கிருமியோ நம் அணுவுக்குள்ளே குடியிருப்பது. அதன் சுவரும் வழக்கமான சுவர் அல்ல. டாக்சிசைக்ளின் அணுவுக்குள் நுழைந்து கிருமியின் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. மிக மலிவான மாத்திரை. இரண்டாம் உலகப்போரில் அஸ்ஸாம், பர்மாக் காடுகளில் இந்தக் காய்ச்சல் கண்ட படைவீரர்களுக்குக் கொடுக்க நம்பத்தக்க மருந்து எதுவும் இருக்கவில்லை. 1948இல் மலாயாவில் ஜோசப் ஸ்மேடல் குழுவினர் குளோரம்ஃபெனிகாலால் குணமாக்கிக் காட்டினார்கள்.

பதினோராம் தாளை மட்டும், விதிவிலக்காக, அவர்கள் கேட்காமலே நான் கொடுத்துவிடுவேன். அது நேரத்தின் தாள். “மாலை ஆறு மணி. மூச்சு நிமிடத்துக்கு 34. ஆக்சிஜன் அளவு 88 சதவீதம். ஸ்க்ரப் டைபஸ் எலைசா முடிவு நாளை காலை.” காத்திருப்பதா, தொடங்குவதா? இங்கேதான் வாக்குவாதம் சூடாகும். ஆதாரமில்லாமல் மருந்து கொடுக்கக் கூடாது என்று நாங்கள்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். கரும்பொருக்கும் ஏரிக்கரையும் ஆதாரமில்லையா என்று எதிர்க்கேள்வி எழும். எந்தக் குழுவும் இதுவரை காத்திருப்பதில் போய் முடியவில்லை. கடுமையான நோய்க்கு எந்த மருந்து என்று தேட ஒருவர் கைப்பேசியை எடுப்பார். இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் 794 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. டாக்சிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என மூன்று பிரிவுகள். எல்லாம் நரம்பு வழியாக. மரணம், விடாத காய்ச்சல், ஏழாம் நாளிலும் தீராத உறுப்புக் கோளாறு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் இரட்டை மருந்துப் பிரிவில் 33 சதவீதம். மற்ற இரண்டிலும் 47, 48. ஆனால் 28 நாளில் நேர்ந்த இறப்புகளை மட்டும் எடுத்தால் பிரிவுகளுக்குள் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. இரண்டு எண்களையும் பலகையில் எழுதச் சொல்வேன். எந்த எண்ணை வைத்து முடிவெடுப்பது என்று அவர்களே பேசிக்கொள்ளட்டும்.

இந்த முறையில் நான் தொடக்கத்தில் நிறையத் தவறு செய்தேன். மௌனம் நீண்டால் பொறுக்க முடியாமல் நானே விடையை நோக்கித் தள்ளிவிடுவேன். குழுவில் உரக்கப் பேசுபவரின் விடையைக் குழுவின் விடை என்று எடுத்துக்கொள்வேன். எத்தனை மாணவிகளின் ஏரிக்கரையை அப்படி இழந்தேனோ. இப்போது பேசுவதற்கு முன் எட்டுப் பேரும் தனித்தனியே தங்கள் ஊகத்தைத் துண்டுச் சீட்டில் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறேன். சிறிய மாற்றம்தான். பேச்சு வன்மையைவிடக் கவனம் முன்னால் வர அது வழிசெய்தது. 150 முதல் 250 பேர் வரை உள்ள வகுப்பில் எட்டு எட்டாகப் பிரித்தால் ஆசிரியர்களுக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. ஓக்லஹோமாவில் வணிகவியல் கற்பித்த லாரி மைக்கல்சன் 1970களின் இறுதியில் ஒரே கூடத்தில் பல அணிகளை ஓர் ஆசிரியரே நடத்தும் வழி கண்டார். நாங்களும் பெரிய வகுப்புகளில் அதைத்தான் செய்கிறோம். சிறிய அறைக்கு ஈடில்லை என்றாலும் விரிவுரையைவிட எவ்வளவோ மேல்.

இதே முறையில் நான் நடத்தும் இன்னொரு வகுப்பு 1986ஐப் பற்றியது. ‘இந்தியாவில் எச்.ஐ.வி. இல்லை’ என்று பலரும் நம்பிய காலம். உங்களுக்குச் சந்தேகம் வந்தால் எங்கே தேடுவீர்கள், யாரிடம் எப்படிச் சம்மதம் கேட்பீர்கள், மாதிரியை எங்கே அனுப்புவீர்கள் என்று கேட்டுவிட்டு விட்டுவிடுவேன். ஒரு மணி நேரம் திட்டம் தீட்டுவார்கள். பிறகுதான் உண்மையில் நடந்ததைச் சொல்வேன். சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன், அவருடைய முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா. ஆய்வேட்டுக்காக நிர்மலா திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டு, நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் தெரியவந்தன. அது ஒரு மாணவியின் ஆய்வேடு என்றதும் அறையில் முகங்கள் மாறுவதைப் பார்க்க எனக்கு அலுப்பதேயில்லை.

அன்றைய எட்டாம் நாள் காய்ச்சலுக்குத் திரும்புகிறேன். அந்த அம்மா மருந்து தொடங்கிய இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டு, மூச்சு சீராகி, பத்தாம் நாள் வீடு திரும்பினார் என்று பதின்மூன்றாம் தாள் சொல்கிறது. அதை வாசித்ததும் பைகளை மூடத் தொடங்கினார்கள். என் கையில் இன்னும் ஒரு தாள் இருந்தது. பெரும்பாலான குழுக்கள் அதைக் கேட்பதில்லை; நானும் கேட்காமல் கொடுப்பதில்லை.

கதவருகே போன அந்த மாணவி திரும்பி வந்தாள்.

“மேடம், ஏரிக்கரைக்கு அவங்ககூட வேலைக்குப் போனவங்க எத்தனை பேரு? அதுல யாருக்காவது காய்ச்சலா?”

பதினான்காம் தாளை எடுத்து அவளிடம் நீட்டினேன். மற்றவர்கள் பையை இறக்கி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள்.